10 கனெக்ஷன், 200 த்ரெட்: ஒரு ஸ்பிரிங் பூட் தளம் நின்றுபோனது ஏன்?

"ஹிகாரிபூல்-1 - கனெக்ஷன் இஸ் நாட் அவைலபிள், ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் ஆஃப்டர் 30000எம்எஸ்."

ஜாவாவில் வலைத்தளம் கட்டும் ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டில் வேலை செய்கிறவர்களில் இந்த வரியை லாகில் பார்க்காதவர்கள் குறைவு. டேட்டாபேஸ் கனெக்ஷன்களைத் திறந்தே வைத்திருந்து, கேட்பவருக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கும் பூல்தான் ஹிகாரி; 30 நொடி காத்தும் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை என்கிறது அந்த வரி. பார்த்ததும் கை போவது ஒரே இடத்துக்குத்தான்: மேக்ஸிமம்-பூல்-சைஸ். 10 என்று இருப்பதை 50 ஆக்கு, போதாவிட்டால் 100 ஆக்கு. சில சமயம் அதிலேயே தளம் எழுந்தும் விடும். அதனால்தான் இந்தப் பழக்கம் யாரையும் விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இங்கே எழுதப்போவது அந்த மருந்துக்கு மசியாத ஒரு தளத்தைப் பற்றி.

ஒரு கல்லூரியின் தேர்வுக் கட்டணத் தளம் அது. ஸ்பிரிங் பூட் 2.7, ஜாவா 11, கோரிக்கைகளை வாங்கும் வெப் சர்வராக உள்ளேயே ஓடும் டாம்கேட், பின்னால் டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ். இரண்டு சர்வர்கள், அவற்றின் முன்னால் கூட்டத்தைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சராக என்ஜின்எக்ஸ். பூல், த்ரெட், டைம்அவுட் எதிலும் யாரும் கைவைக்கவில்லை. எல்லாம் ஃப்ரேம்வொர்க் கொடுத்த இயல்பு மதிப்புகளே. மாணவர் உள்ளே வருவார், நிலுவையைப் பார்ப்பார், கட்டண நிறுவனத்தின் பக்கத்துக்குப் போய்ப் பணம் கட்டுவார், திரும்பி வருவார். திரும்பி வரும்போது நம் தளம் அந்த நிறுவனத்திடம் "இந்தப் பணம் உண்மையிலேயே வந்ததா?" என்று ஒரு எச்டிடிபி அழைப்பில் கேட்டு உறுதி செய்துகொண்டு, ரசீது எண் போடும். இந்தக் கடைசிப் படியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல மாதம் ஒழுங்காக ஓடிய தளம். கட்டணம் கட்டக் கடைசி நாளன்று முற்பகலில் மெதுவாகி, மதியத்துக்குள் நின்றே போனது.

வெளியே தெரிந்தது என்ன

மாணவர்களுக்குத் தெரிந்தது சுற்றிக்கொண்டே இருக்கும் பக்கம், ஒரு நிமிடம் கழித்து 504, அதாவது நேரத்துக்குள் பதில் வரவில்லை என்ற பிழை. அந்த ஒரு நிமிடம் என்ஜின்எக்ஸின் கணக்கு. பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து 60 நொடி எதுவும் வராவிட்டால் அது கைவிட்டுவிடும். கட்டணப் பக்கம் மட்டும் நின்றிருந்தால் சந்தேகம் நேராக அங்கே போயிருக்கும். ஆனால் டேட்டாபேஸையே தொடாத "தொடர்புக்கு" பக்கம்கூட வரவில்லை. அதனால் நெட்வொர்க் என்றார் ஒருவர், சர்வரில் மெமரி போதவில்லை என்றார் இன்னொருவர்.

உள்ளே பார்த்தால் சிபியு சும்மா இருந்தது. மெமரியிலும் நெருக்கடி இல்லை. டேட்டாபேஸ் பக்கமும் அப்படியே. டேட்டாபேஸைப் பராமரிக்கும் டிபிஏவிடம் கேட்டதற்கு, "டேட்டாபேஸ் ஈ ஓட்டிக்கிட்டு இருக்கு தம்பி, உங்க அப்ளிகேஷனைப் பாருங்க" என்றார். டிபிஏக்கள் வழக்கமாகச் சொல்கிற பதில்தான். அன்றைக்கு அது முழுக்க உண்மை.

எல்லாமே சும்மா இருக்கும்போது தளம் மட்டும் நிற்கிறது என்றால், யாரோ யாருக்காகவோ காத்திருக்கிறார்கள் என்று பொருள். வேலைப்பளுவால் நிற்கும் தளமும் காத்திருப்பால் நிற்கும் தளமும் வெளியே ஒரே மாதிரி தெரியும். பிரித்துக் காட்டுவது சிபியு வரைபடம்தான். முதலில் அதைப் பார்த்துவிட்டால் பாதி ஊகங்கள் அங்கேயே அடிபட்டுப் போகும்.

கணக்கு

ஒரு கோரிக்கையைக் கவனிக்க ஒரு த்ரெட் என்று, டாம்கேட் இயல்பாக 200 த்ரெட் வரை வைத்துக்கொள்ளும். ஹிகாரி பூலில் இயல்பாக 10 கனெக்ஷன். 200க்கு 10 என்று கேட்டால் அநியாயமாகத் தோன்றும். அநியாயம் இல்லை. ஒரு கனெக்ஷனை ஒரு கோரிக்கை 20 மில்லிநொடி வைத்திருந்து திருப்பிக் கொடுத்தால், ஒரு கனெக்ஷன் நொடிக்கு 50 பேரைக் கவனிக்கும். பத்தும் சேர்ந்து 500 பேரை. ஒரு கல்லூரித் தளத்துக்கு நொடிக்கு 500 கோரிக்கை தாராளம்.

அதே கனெக்ஷனை ஒருவர் 5 நொடி பிடித்துவைத்தால்? பத்துக்கும் சேர்த்து நொடிக்கு 2 பேர். 20 நொடி பிடித்தால் இரண்டு நொடிக்கு ஒருவர். பூலின் அளவு மாறவே இல்லை. பிடித்திருக்கும் நேரம் மட்டும் மாறியது. 500 எங்கே, 2 எங்கே.

கல்யாணப் பந்தியில் பத்து இலை போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். உட்கார்ந்தவர்கள் சாப்பிட்டு எழுந்தால் ஊரே சாப்பிட்டுவிடலாம். உட்கார்ந்த பத்துப் பேரும் இலையை முன்னால் வைத்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தால், வாசலில் நிற்பவர்களை எண்ணி என்ன பயன்? லாகில் வந்த பிழை வாசலில் நின்றவர்களின் கூச்சல். போன் பேசுகிறவர் யார் என்று அது சொல்லாது.

கனெக்ஷன் கிடைக்காத த்ரெட் 30 நொடி காத்திருந்துவிட்டுத்தான் பிழை எறியும்; ஹிகாரியின் கனெக்ஷன்-டைம்அவுட் இயல்பாக அவ்வளவு. அதுவரை அந்த டாம்கேட் த்ரெட் முடங்கிக் கிடக்கும். 10 த்ரெட் கனெக்ஷனோடு, 190 த்ரெட் கனெக்ஷனுக்காக. 200ம் தீர்ந்ததும், டேட்டாபேஸே தேவைப்படாத பக்கத்துக்கும் த்ரெட் இல்லை. "தொடர்புக்கு" பக்கம் நின்றதற்குக் காரணம் இதுதான்.

இதோடு மனித இயல்பும் சேர்ந்துகொள்ளும். பக்கம் வரவில்லை என்றால் யாரும் சும்மா இருப்பதில்லை, ரிஃப்ரெஷ் அழுத்துவார்கள். பிரௌசர் பழைய கோரிக்கையை விட்டுவிடும், ஆனால் சர்வரில் ஓடும் த்ரெட்டுக்கு அது தெரியாது. போனவருக்காக அது காத்துக்கொண்டே இருக்க, புதிய கோரிக்கை வரிசையில் பின்னால் நிற்கும்.

முதல் மருந்து

பணியில் இருந்தவர்கள் முதலில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தார்கள். சில நிமிடம் ஓடியது, மறுபடி நின்றது. அடுத்து பூலை 100 ஆக்கினார்கள். இரண்டு சர்வர், ஆளுக்கு 100, ஆக 200. போஸ்ட்கிரெஸின் மேக்ஸ்_கனெக்ஷன்ஸ் இயல்பாக 100. அதிலும் 3 சூப்பர்யூசருக்கு ஒதுக்கப்பட்டவை. "சாரி, டூ மெனி க்ளையன்ட்ஸ் ஆல்ரெடி" என்று போஸ்ட்கிரெஸ் கதவைச் சாத்தியது. அதுவரை அப்ளிகேஷனுக்கு மட்டும் இருந்த சிக்கல், இப்போது டிபிஏ தன் கருவியோடு உள்ளே நுழைவதற்கும் வந்துவிட்டது.

ஹெல்த் செக்கும் தன் பங்குக்கு எண்ணெய் ஊற்றியது. ஸ்பிரிங் பூட்டின் கண்காணிப்புப் பகுதியான ஆக்சுவேட்டரின் ஹெல்த் பக்கம் டேட்டாபேஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அதே பூலிலிருந்துதான் ஒரு கனெக்ஷன் கேட்கும். பூல் காலி, எனவே அதுவும் 30 நொடி வரிசையில். இங்கே சர்வரைக் கண்காணித்த ஸ்கிரிப்ட், ஹெல்த் பதில் வராவிட்டால் அந்த சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்படி எழுதப்பட்டிருந்தது. ஒன்று ரீஸ்டார்ட் ஆகும்போது மொத்தக் கூட்டமும் மற்றதன் தலையில். அது விழுந்ததும் இதன் தலையில். சர்வர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில், அப்ளிகேஷன் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னஸ் சோதனையை முழு ஹெல்த் பக்கத்துக்குத் திருப்பி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதிதான். ஸ்பிரிங் பூட் 2.3 முதல் லைவ்னஸ், ரெடினஸ் (கோரிக்கை ஏற்கத் தயாரா) என்று தனித்தனிக் குழுக்கள் உண்டு. இயல்பாக லைவ்னஸில் டேட்டாபேஸ் சோதனை கிடையாது. அப்படியே விட்டுவிடுவது நல்லது.

த்ரெட் டம்ப்

ரீஸ்டார்ட் செய்தால் ஆதாரம் அழிந்துபோகும். எனவே அடுத்த முறை நின்றதும், கை வைப்பதற்கு முன் ஜேஸ்டாக் கட்டளை கொடுத்து, ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்று காட்டும் த்ரெட் டம்ப் எடுக்கப்பட்டது. சில நொடி இடைவெளியில் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஒரே டம்ப்பில் ஒரு த்ரெட் எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியும். அடுத்தடுத்து எடுத்தால்தான் அங்கேயே இருக்கிறதா என்று தெரியும்.

"எச்டிடிபி-என்ஐஓ-8080-எக்ஸெக்" என்று தொடங்கும் த்ரெட்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் இரண்டே சாதி. பெரும் கூட்டம் "டைம்ட்_வெயிட்டிங்" நிலையில், ஸ்டாக்கின் (கீழே உள்ள மெத்தட் மேலே உள்ளதைக் கூப்பிட்டது என்று காட்டும் பட்டியலின்) மேற்பகுதியில் ஹிகாரியின் கன்கரன்ட்பேக் வகுப்பின் பாரோ மெத்தடோடு நின்றது. அவர்கள் வாசலில் நிற்பவர்கள்; அவர்களைப் படித்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

மிச்சம் இருந்த சில த்ரெட்கள்தான் விஷயம். அவற்றின் நிலை "ரன்னபிள்". இங்கேதான் பலர் ஏமாறுவார்கள்: ரன்னபிள் என்றால் ஓடிக்கொண்டிருக்கிறது, எனவே நல்ல த்ரெட் என்று தாண்டிப் போய்விடுவார்கள். மேல் வரியைப் படிக்க வேண்டும். அதில் சாக்கெட்இன்புட்ஸ்ட்ரீம், சாக்கெட்ரீட்0 என்று இருந்தது. நெட்வொர்க்கிலிருந்து பைட் வருவதற்காக இயங்குதளத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும் த்ரெட்டையும், ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் ரன்னபிள் என்றே காட்டும். உள்ளே அது தூங்குகிறது என்பது ஜேவிஎம்முக்குத் தெரியாது. ஜாவா 17இல் இதே இடத்தில் சன்.என்ஐஓ.சிஎச்.நெட் வகுப்பின் போல் மெத்தட் தெரியும், சங்கதி ஒன்றுதான்.

சரி, யாரிடமிருந்து பைட் வர வேண்டும்? ஸ்டாக்கில் கீழே இறங்கினால், எச்டிடிபி அழைப்பு செய்யும் ஸ்பிரிங் வகுப்பான ரெஸ்ட்டெம்ப்ளேட்டின் டூஎக்ஸிக்யூட். அதற்குக் கீழே பணம் வந்ததா என்று கேட்கும் நம் க்ளையன்ட் வகுப்பு. அதற்குக் கீழே ரசீது போடும் சர்வீஸ். அதற்கும் கீழே ஒரு வரி: டிரான்சாக்ஷன்இன்டர்செப்டர், இன்வோக். டிரான்சாக்ஷன் என்பது ஒன்றாகவே முடிய வேண்டிய டேட்டாபேஸ் வேலைகளின் தொகுப்பு; அதைத் திறந்து மூடும் ஸ்பிரிங் வகுப்பு இது.

வழக்கு இந்த ஒரு வரியில் முடிந்தது. எச்டிடிபி அழைப்புக்கு அடியில் டிரான்சாக்ஷன்இன்டர்செப்டர் இருக்கிறது என்றால், டிரான்சாக்ஷனைத் திறந்து, கனெக்ஷனைக் கையில் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு வெளியே போன் போட்டிருக்கிறார்கள். நிரலில் பார்த்தால் அதேதான்: "டிரான்சாக்ஷனல்" அனோட்டேஷன் (நிரலில் ஒட்டும் குறிப்பு) போட்ட ஒரே மெத்தடுக்குள் கட்டண வரிசையை, அதாவது டேபிளில் அந்தக் கட்டணத்தின் பதிவைத் தேடுவது, கட்டண நிறுவனத்திடம் கேட்பது, நிலையை மாற்றுவது, ரசீது எழுதுவது எல்லாம் வரிசையாக. படிக்க அழகான நிரல். கட்டண நிறுவனம் அரை நொடிக்குள் பதில் சொன்ன மாதங்களில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கடைசி நாளன்று அங்கேயும் கூட்டம். பதில் பல நொடி ஆனது, சிலவற்றுக்கு வரவே இல்லை.

போஸ்ட்கிரெஸ் பக்கத்துச் சாட்சியும் இதையே சொன்னது. எந்தக் கனெக்ஷன் என்ன செய்கிறது என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் நம் கனெக்ஷன்கள் எல்லாம் "ஐடில் இன் டிரான்சாக்ஷன்", டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டுச் சும்மா இருப்பவை. காத்திருப்புக் காரணம் "க்ளையன்ட்ரீட்", அதாவது க்ளையன்ட் அடுத்து என்ன சொல்லப்போகிறது என்று டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் தெரியும் கட்டளை கடைசியாக ஓடி முடிந்தது, ஓடிக்கொண்டிருப்பது அல்ல. இது தெரியாமல் அந்த எளிய செலக்ட் கட்டளைக்கு இன்டெக்ஸ் போடலாமா என்று ஒரு விவாதம் ஓடியதும் உண்டு.

சரிசெய்தது

முதலில் டைம்அவுட். ரெஸ்ட்டெம்ப்ளேட்டை நியூ போட்டு அப்படியே எடுத்தால் கனெக்ட் டைம்அவுட்டும் இல்லை, ரீட் டைம்அவுட்டும் இல்லை. எதிர்ப்பக்கம் வாயே திறக்காவிட்டால் முடிவில்லாமல் காத்திருக்கும். இப்படி ஒரு இயல்பு மதிப்பை வைத்ததற்கு ஜாவாவின் பழைய எச்டிடிபி வகுப்புதான் பொறுப்பு, ஆனால் இத்தனை ஆண்டாக ஃப்ரேம்வொர்க்கும் அதை அப்படியே கடத்திக்கொண்டு வந்திருப்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ரெஸ்ட்டெம்ப்ளேட்பில்டரில் இரண்டு டைம்அவுட்டும் கொடுக்கப்பட்டன. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ரீட் டைம்அவுட் என்பது மொத்த அழைப்புக்கான கெடு அல்ல. ஒரு பைட்டுக்கும் அடுத்த பைட்டுக்கும் இடையிலான பொறுமைதான் அது. சொட்டுச் சொட்டாகப் பதில் அனுப்பும் சர்வர் 5 நொடி ரீட் டைம்அவுட்டைத் தாண்டி ஒரு நிமிடம்கூட இழுத்தடிக்கலாம்.

பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் டைம்அவுட் என்றால் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பதில் வரவில்லை, அவ்வளவுதான். மாணவரின் கணக்கிலிருந்து பணம் போயிருக்கலாம். "தோல்வி, மறுபடி கட்டவும்" என்று காட்டினால் இரண்டு முறை கட்டுவார். எனவே அந்த வரிசை "உறுதிசெய்யப்படுகிறது" என்ற நிலைக்குப் போகும். பின்னால் ஓடும் ஒரு ஷெட்யூல் வேலை சிறிது நேரம் கழித்து மறுபடி கேட்டு முடித்து வைக்கும்.

அடுத்து, வெளி அழைப்பை டிரான்சாக்ஷனுக்கு வெளியே எடுத்தல். மூன்று துண்டாகப் பிரித்தால் போதும்: சிறு டிரான்சாக்ஷனில் வரிசையைப் படி, டிரான்சாக்ஷன் ஏதும் இல்லாமல் வெளியே கேள், இன்னொரு சிறு டிரான்சாக்ஷனில் முடிவை எழுது. சொல்ல எளிது. இங்கே ஸ்பிரிங்கின் பழைய பொறி ஒன்று காத்திருக்கிறது. மூன்று துண்டையும் அதே வகுப்பில் மூன்று மெத்தடாக வைத்து, எழுதும் மெத்தடின் மேல் "டிரான்சாக்ஷனல்" போட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கூப்பிட்டால் அந்த அனோட்டேஷன் வேலை செய்யாது. ஸ்பிரிங் டிரான்சாக்ஷனைத் தொடங்குவது வெளியே சுற்றியிருக்கும் ப்ராக்ஸியில். அதே பொருளுக்குள்ளிருந்து கூப்பிடும்போது ப்ராக்ஸியைக் கடப்பதே இல்லை.

இதில் மோசம், பிழை எதுவும் வராது என்பது. டேட்டாபேஸில் எழுதும் ரெப்பாசிட்டரியின் சேவ் மெத்தட் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு டிரான்சாக்ஷன் திறந்து மூடிக்கொள்ளும், எல்லாம் சேமிக்கப்பட்டது போலவே தெரியும். நிலை மாறிய பிறகு ரசீது எழுதுவதில் தவறு நேர்ந்தால்தான் வெளிச்சத்துக்கு வரும்: பணம் கட்டியாயிற்று, ரசீது இல்லை. அனோட்டேஷனை நம்பாமல் டிரான்சாக்ஷன்டெம்ப்ளேட்டை நேரடியாகப் பயன்படுத்துவது இங்கே எளிய வழி. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இன்னொரு வகுப்புக்கு எடுத்துப் போவதும் சரியே. அதைச் செய்கிறவர்கள் ரோல்பேக் (எழுதியதைத் திரும்பப் பெறுதல்) விதியையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளட்டும்: இயல்பாக ரன்டைம் விதிவிலக்குக்கும் எரருக்கும்தான் ரோல்பேக். ரசீது பிடிஎஃப் எழுதும்போது ஐஓஎக்ஸெப்ஷன் வெளியே வந்தால், ஸ்பிரிங் நிதானமாக கமிட் செய்து, அதாவது எழுதியதை நிலையாக்கிவிட்டுப் போய்விடும்.

பிறகும் தீரவில்லை

டெஸ்ட் சர்வரில் இதைச் சோதிக்க ஒரு எளிய ஏற்பாடு. பூல் அளவை 2 ஆக்கிவிட்டு, கட்டண நிறுவனத்துக்குப் பதில் போலிப் பதில் தரும் வயர்மாக்கை வைத்து ஒவ்வொரு பதிலையும் சில நொடி தாமதிக்கச் செய்து, சுமைச் சோதனைக் கருவியான ஜேமீட்டரால் கூட்டத்தை அனுப்புவது. பெரிய பூலை நிரப்ப பெரிய கூட்டம் வேண்டும். 2 இருந்தால் ஒரு மடிக்கணினியே போதும். ஹிகாரியின் லீக் டிடெக்ஷன் த்ரெஷோல்டையும் அது அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவான 2 நொடிக்கு வைத்தோம். பெயர் லீக் என்றிருந்தாலும், 2 நொடிக்கு மேல் திரும்பி வராத எந்தக் கனெக்ஷனையும், அதை வாங்கிய இடத்தின் ஸ்டாக்கோடு இது காட்டிக்கொடுக்கும்.

வெளி அழைப்பு டிரான்சாக்ஷனுக்கு வெளியே வந்த பிறகும் அது காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தது. டிரான்சாக்ஷன் மூடியாயிற்று, கனெக்ஷன் திரும்பவில்லை. காரணம் தளம் தொடங்கும்போதெல்லாம் லாகில் எச்சரிக்கையாக வந்துகொண்டிருந்தது: ஸ்பிரிங்.ஜேபிஏ.ஓப்பன்-இன்-வியூ இயல்பாகவே இயக்கத்தில் இருக்கிறது, பக்கத்தை உருவாக்கும்போதும் டேட்டாபேஸ் கேள்விகள் ஓடலாம் என்று. ஸ்பிரிங் பூட் 2.0 முதல் இந்த வரி வருகிறது. தினமும் வருவதாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை.

இது இயக்கத்தில் இருந்தால், டேட்டாபேஸ் வரிசைகளை ஜாவா பொருள்களாக்கும் ஹைபர்னேட்டின் செஷன் ஒரு வெப் கோரிக்கை தொடங்கும்போது திறந்து, பதில் போய் முடிந்த பிறகே மூடும். முதல் கேள்வியின்போது எடுத்த கனெக்ஷன் அதுவரை அந்த செஷனோடேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இடையில் டிரான்சாக்ஷன் முடிந்தாலும் பூலுக்குத் திரும்பாது. நாம் பிரித்த மூன்று துண்டில் முதல் துண்டு கனெக்ஷனை எடுத்தது. இரண்டாவது துண்டு வெளியே பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அது கையிலேயே இருந்தது. செய்த வேலையெல்லாம் இந்த ஒரு அமைப்பால் வீண்.

ஃபால்ஸ் என்று ஒரு வார்த்தை மாற்றினால் போதும். மாற்றியதும் தளத்தின் பாதிப் பக்கங்கள் லேஸிஇனிஷியலைசேஷன்எக்ஸெப்ஷன் எறிந்தன: "குட் நாட் இனிஷியலைஸ் ப்ராக்ஸி - நோ செஷன்." இத்தனை நாள் எச்டிஎம்எல் உருவாக்கும் டைம்லீஃப் பக்கங்களும் ஜேசன் உருவாக்கும் ஜாக்சனும் என்டிட்டிக்குள் (டேபிள் வரிசையின் ஜாவா வடிவத்துக்குள்) கையை விட்டு, துறை, பருவம், பாடம் என்று வேண்டியதையெல்லாம் அவ்வப்போது டேட்டாபேஸிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தன. இந்த இடத்தில்தான் பலர் பயந்து பழைய அமைப்புக்கே திரும்பிவிடுவார்கள்.

திரும்ப வேண்டியதில்லை; குறுக்கு வழிகளும் வேண்டாம். எல்லா உறவையும் உடனே ஏற்றும் ஈகர் வகை ஆக்கினால் ஒரு மாணவரைக் கேட்டால் கல்லூரியே மெமரிக்கு வரும். எனேபிள்_லேஸி_லோட்_நோ_டிரான்ஸ் என்று ஒரு ஹைபர்னேட் அமைப்பு உண்டு. பிழை மறைந்துவிடும், ஆனால் தேவைப்படும்போது மட்டும் ஏற்றும் லேஸி உறவைத் தொடும்போதெல்லாம் தற்காலிக செஷன் ஒன்று திறந்து தனியே கனெக்ஷன் கேட்கும். பூல் போதவில்லை என்று தொடங்கிய கதையில் இதைச் செய்வதற்கு எதுவும் செய்யாமலே இருக்கலாம்.

செய்தது பக்கம் பக்கமாக உட்கார்ந்து வேலை. பக்கத்துக்குத் தேவையான தகவலை மட்டும் சர்வீஸிலேயே எடுத்து டிடிஓ என்ற எளிய தகவல் பொருளில் போட்டுக் கொடுப்பது. உறவு வேண்டிய இடத்தில், அதையும் சேர்த்தே எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் அல்லது என்டிட்டிகிராஃப். ஒரு பலன் கேட்காமலே கிடைத்தது. நிலுவைப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் தனியாக ஒரு கேள்வி போய்க்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிந்து, ஒரே கேள்வியானது. ஓப்பன்-இன்-வியூ மூடி மறைக்கும் விஷயங்களில் முதலிடம் இந்த என்+1 சிக்கலுக்குத்தான்.

அலுவலகத்தினர் பார்க்கும் கட்டணப் பட்டியலில் மட்டும் ஜாயின் ஃபெட்ச் வேறு விதமாகக் கடித்தது. அது பக்கத்துக்கு 50 வரிசை காட்டும் பட்டியல். பல உறுப்புகள் கொண்ட உறவை ஜாயின் ஃபெட்ச் செய்து, கூடவே பக்க அளவும் கொடுத்தால், ஹைபர்னேட் 5 எச்எச்எச்000104 என்று ஒரு எச்சரிக்கை தரும்: பக்கம் பிரிப்பதை மெமரியில் செய்கிறேன் என்று. அதாவது 50 வரிசை காட்ட முழு டேபிளையும் இழுத்துக்கொண்டு வரும். முதலில் ஐடிகளை மட்டும் பக்க அளவோடு எடுத்து, அடுத்த கேள்வியில் அந்த ஐடிகளுக்கு மட்டும் ஃபெட்ச் செய்ததில் அது தீர்ந்தது.

தணிக்கைப் பதிவு

இன்னும் ஒன்று ஒளிந்திருந்தது. பூலை 2 ஆக்கியிருந்ததால் மட்டுமே அகப்பட்டது. வெளி அழைப்பே இல்லாத கட்டணச் சலுகைப் பக்கம், இரண்டு பேர் ஒரே நேரத்தில் சேமித்தால் சரியாக 30 நொடி உறைந்துவிட்டு இருவருக்கும் பிழை காட்டியது. யார் எதை மாற்றினார் என்று எழுதும் தணிக்கை மெத்தடில் "ரிக்வயர்ஸ்_நியூ" போட்டிருந்தார்கள்; மூல வேலை ரோல்பேக் ஆனாலும் தணிக்கைப் பதிவு நிலைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில். புதிய டிரான்சாக்ஷனுக்குப் புதிய கனெக்ஷன் வேண்டும். பழையது அப்போதும் கையில் இருக்கும். இருவரும் ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கேட்டால் பூலில் எதுவும் மிச்சமில்லை. டேட்டாபேஸ் இதை, ஒருவருக்காக ஒருவர் காத்து முடங்கும் டெட்லாக் என்று கண்டுபிடிக்காது, ஏனெனில் பூட்டு அங்கே இல்லை.

ஹிகாரியின் ஆவணத்தில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு: ஒரு த்ரெட்டுக்கு ஒரே நேரத்தில் தேவைப்படும் கனெக்ஷன்களில் ஒன்றைக் கழித்து, த்ரெட் எண்ணிக்கையால் பெருக்கி, ஒன்றைக் கூட்டு. 200 த்ரெட், ஆளுக்கு 2 என்றால் 201. போஸ்ட்கிரெஸின் 100ஐ நினைத்துப் பார்த்தால் அது நடக்கிற காரியம் இல்லை. தணிக்கையை, கமிட்டுக்குப் பிறகு ஓடும் டிரான்சாக்ஷனல்ஈவென்ட்லிசனருக்கு மாற்றலாமே என்று ஒரு யோசனை வந்தது. அந்தக் கட்டத்திலும் முதல் கனெக்ஷன் இன்னும் திரும்பியிருக்காது. அதற்குள் ரிக்வயர்ஸ்_நியூ போட்டால் மறுபடி இரண்டுதான். கல்லூரி அலுவலகத்திடம் கேட்டபோது, நடக்காமல் போன மாற்றத்துக்குப் பதிவு தேவையே இல்லை என்றார்கள். தணிக்கை வரிசை அதே டிரான்சாக்ஷனுக்குள் வந்தது, சிக்கல் போனது.

இப்போது எப்படி இருக்கிறது

பூல் அளவு மறுபடி 10. கனெக்ஷன்-டைம்அவுட் 30 நொடியிலிருந்து 3 நொடியாகக் குறைந்தது. கிடைக்காது என்றால் சீக்கிரம் தெரிந்து த்ரெட் விடுபடுவது மேல். போஸ்ட்கிரெஸில் ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட் வைக்கப்பட்டது. 9.6 பதிப்பு முதல் இருக்கும் வசதி, இயல்பாக அணைந்திருக்கும். இனி யாராவது டிரான்சாக்ஷனைத் திறந்துவிட்டு வெளியே பேசப் போனால் டேட்டாபேஸே அந்தக் கனெக்ஷனை வெட்டிவிடும்.

கண்காணிப்பில் ஆக்சுவேட்டர் வழியே மூன்று அளவுகள். ஹிகாரிசிபி.கனெக்ஷன்ஸ்.பெண்டிங், எத்தனை த்ரெட் வரிசையில் நிற்கிறது. அக்வயர், கனெக்ஷன் கிடைக்க எவ்வளவு நேரம். யூசேஜ், வாங்கியவர் எவ்வளவு நேரம் வைத்திருந்தார். எல்லோரும் வரைபடம் போடுவது ஆக்டிவ் எண்ணிக்கைக்கு. என்னைக் கேட்டால் யூசேஜ் ஒன்று போதும் என்பேன். அது ஏறத் தொடங்கினால் பெண்டிங் ஏறும் முன்பே ஆபத்து தெரிந்துவிடும்.

உறுதிசெய்யும் ஷெட்யூல் வேலையில் இரண்டு திருத்தங்கள் பின்னால் வந்தன. ஸ்பிரிங் பூட்டில் ஷெட்யூல் வேலைகளுக்கு இயல்பாக ஒரே த்ரெட். ஒரு வேலை இழுத்தால் மற்றவை எல்லாம் நிற்கும். எண்ணிக்கை கூட்டப்பட்டது. இரண்டு சர்வரிலும் அதே வேலை ஓடி ஒரே வரிசையை இரண்டு பேர் எடுப்பதைத் தடுக்க, முதலில் வரிசையை, ஏற்கெனவே பூட்டியவற்றைத் தாண்டிப்போகும் "ஸ்கிப் லாக்ட்" சேர்த்த செலக்ட் ஃபார் அப்டேட்டால் எடுத்து, "எடுத்தாயிற்று" என்று நேரத்தோடு குறித்து கமிட் செய்துவிட்டு, அதன் பிறகே வெளியே கேட்கிறது. பூட்டை வைத்துக்கொண்டே வெளியே கேட்டால் பழைய கதைதான். குறித்துவிட்டு நடுவில் விழுந்துபோன சர்வரின் வரிசைகளை, அந்த நேரம் கடந்ததும் மற்றது எடுத்துக்கொள்ளும்.

ஸ்பிரிங் பூட் 3க்குப் போகும் வேலை இன்னும் பாக்கி. ஜாவா 17 வேண்டும், ஜாவாக்ஸ் என்று தொடங்கும் இம்போர்ட்களில் பல ஜகார்த்தா ஆக வேண்டும். அலுப்பான வேலை, ஆனால் புரியாத வேலை இல்லை. போன பிறகு 3.2 பதிப்பும் ஜாவா 21ம் இருந்தால் ஒரே வரியில், ஏராளமாக உருவாக்கக்கூடிய இலகுவான வர்ச்சுவல் த்ரெட்களை இயக்கலாம், 200 என்ற வரம்பு போய்விடும் என்று அணியில் ஓர் ஆசை. 200 போனாலும் 10 அங்கேயேதான் இருக்கும். அந்த வரியைப் போடும் முன் டெஸ்ட் சர்வரில் பூல் 2, வயர்மாக் தாமதம், ஜேமீட்டர் மூன்றையும் மறுபடி ஓட்டுவது என்று முடிவாகியிருக்கிறது.